உலர்ந்த அபலோனி: விலைக்குப் பின்னால் இருக்கும் காலம்

சீனப் புத்தாண்டு நெருங்கும் வாரங்களில் சீன மருந்துக்கடைகளும் உலர்பொருள் கடைகளும் களைகட்டிவிடும். உலர்ந்த காளான், சிப்பி, சிவப்புப் பேரீச்சை, தாமரை விதை எல்லாம் கடைக்கு வெளியே மூட்டை மூட்டையாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் கையால் அள்ளிப் பார்க்கலாம். ஒரு பொருள் மட்டும் கல்லாவுக்குப் பின்னால், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். பார்ப்பதற்கு அது பழுப்பு நிறக் கூழாங்கல் போல, காய்ந்து இறுகிய கிழங்கு போலத் தோன்றும். விலைச்சீட்டைப் படித்தவர்கள் கண்களை நம்ப முடியாமல் இன்னொரு முறை படிப்பார்கள்.

அதுதான் உலர்ந்த அபலோனி. சீனர்கள் இதை 'பாவ் யூ' என்கிறார்கள்.

சீன நண்பர்களின் திருமண விருந்தில் பல தமிழ்க் குடும்பங்கள் இதை ஒரு மெல்லிய துண்டாகவேனும் சுவைத்திருக்கும். "ரப்பர் மாதிரி இருக்கிறது, இதற்கா இவ்வளவு விலை?" என்ற கேள்வி மேசையில் மெதுவாக எழுவதும் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கான பதில், இந்த உணவின் விலை காலத்தின் விலை என்பதுதான். கடலில் வளர ஆண்டுகள், காய வாரங்களும் மாதங்களும், சமைக்க நாள்கள். இத்தனை காலத்தையும் காத்திருக்க மனமில்லாதவர்கள் கடலுக்குள் இறங்கிவிட்டார்கள் என்பதுதான் இன்றைய கவலை.

மீன் அல்ல, நத்தை இனம்

'யூ' என்றால் சீன மொழியில் மீன் என்று பொருள். ஆனால் அபலோனி மீன் அல்ல. ஒற்றை ஓடுடைய கடல் நத்தை இனம் அது. ஓடு மனிதக் காதின் வடிவில் இருக்கும். ஓட்டின் விளிம்பில் வரிசையாகச் சில துளைகள் உண்டு. மூச்சுக்காக உள்ளே வாங்கிய நீரும் கழிவும் அந்தத் துளைகளின் வழியே வெளியேறுகின்றன. ஓட்டின் உட்புறம் முத்துச்சிப்பி போலப் பல வண்ணங்களில் மின்னும். தென்னாப்பிரிக்காவில் இதற்குப் 'பெர்லமூன்' என்று பெயர். முத்தின் தாய் என்னும் பொருள்படும் பழைய டச்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது.

நாம் உண்பது இதன் பாதத்தை. அபலோனி அந்தத் தசைப்பற்றான பாதத்தால் பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும். அலை எத்தனை வேகமாக மோதினாலும் பிடியை விடாது. பகலில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து, இரவில் மெல்ல ஊர்ந்து கடற்பாசியை மேயும். உலகில் 50க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தென்கிழக்காசியாவின் பவளப்பாறைகளில் வாழும் ஓர் இனத்தைக் 'கழுதைக் காது' என்று அழைக்கிறார்கள். ஆயினும் விருந்து மேசைக்குப் பெயர்போன பெரிய இனங்கள் ஜப்பான், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா போன்ற குளிர்ந்த கடல்களைச் சேர்ந்தவை.

குளிர்ந்த கடலில் வளர்ச்சி மெதுவாகவே நடக்கும். தென்னாப்பிரிக்க அபலோனியைப் பிடிக்க, அதன் ஓட்டின் அகலம் குறைந்தது 114 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த அளவை எட்ட அதற்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் தேவை. அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடும். அவ்வளவு காலம்.

ஏன் உலர்த்துகிறார்கள்?

பனிக்கட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் இல்லாத காலத்தில் கடல் உணவைத் தொலைதூரம் கொண்டுசெல்ல உலர்த்துவதே வழி. நம் வீடுகளில் கருவாடும் நெத்திலியும் வந்தது அந்த வழியில்தான். அபலோனியில் இதனால் இன்னொரு பலனும் கிடைத்தது. உலர்ந்த பின் அதன் சுவை முற்றிலும் மாறிவிடுகிறது. புதிய அபலோனி மொறுமொறுப்பானது, சுவை மென்மையானது. உலர்ந்ததோ ஆழ்ந்த மணமும் செறிந்த சுவையும் கொண்டது. சதையில் இயற்கையாகவே உள்ள கிளைசின், குளுட்டமிக் அமிலம் போன்றவை இச்சுவைக்குக் காரணம். நீர் வற்ற வற்ற இவை செறிவடைகின்றன.

உலர்த்தும் முறை கேட்பதற்கு எளிது. ஓட்டையும் குடலையும் நீக்கி, உப்பில் ஊறவைத்து, அளவாக வேகவைத்து, பிறகு அனலிலும் வெயிலிலும் காற்றிலும் மாறி மாறிக் காயவைக்க வேண்டும். கடினம் பொறுமையில்தான் இருக்கிறது. அவசரப்பட்டால் மேற்புறம் இறுகி, உள்ளே ஈரம் சிக்கிக் கெட்டுவிடும். ஒரு நாள் காயவைத்து, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, உள்ளீரம் வெளியே வர இடம் கொடுத்து, மீண்டும் காயவைக்க வேண்டும். இப்படி வாரக்கணக்கில், பெரியதாக இருந்தால் மாதக்கணக்கில் வேலை நடக்கும். முடிவில் மிஞ்சுவது உயிரோடு இருந்தபோது இருந்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வாங்குபவர் கையில் 30 கிராம் இருந்தால், கடலில் அது சுமார் 300 கிராம்.

நன்றாக உலர்ந்து சில ஆண்டுகள் முதிர்ந்த அபலோனியைச் சமைத்து வெட்டினால், நடுப்பகுதி மட்டும் பாகு போல மென்மையாகக் கத்தியில் லேசாக ஒட்டும். சீனர்கள் இதைத் 'தாங் சின்' என்கிறார்கள். இனிப்புப் பாகு போன்ற இதயம் என்று பொருள். விலையைத் தீர்மானிப்பதில் இந்த நடுப்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

எத்தனை 'தலை'?

கடையில் அபலோனியைத் 'தலை' கணக்கில் விற்பார்கள். ஒரு காத்திக்கு, அதாவது சுமார் 600 கிராமுக்கு, எத்தனை அபலோனி நிற்கிறது என்பதே அந்தக் கணக்கு. பத்துத் தலை என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 கிராம். இருபது தலை என்றால் 30 கிராம். ஆகவே எண் குறையக் குறைய விலை ஏறும். கையில் பணம் இருந்தாலும் இரண்டு தலை அபலோனி கிடைப்பது அரிது என்று சீனர்களிடையே ஒரு வழக்கு உண்டு.

இங்கு பலரும் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. டின்னில் அடைத்த அபலோனியின் மேல் '10' என்று எழுதியிருந்தால், அது அந்த டின்னுக்குள் இருக்கும் எண்ணிக்கை மட்டுமே. காத்திக் கணக்கு அல்ல. டின்னில் உள்ள 'பத்து' வேறு, உலர்ந்ததில் 'பத்துத் தலை' வேறு.

உலர்ந்ததில் முதலிடம் ஜப்பானுக்கே. வடகிழக்குக் கரையில் இவாத்தே மாநிலத்தின் யோஷிஹாமா, அதற்கு வடக்கே அவோமோரியின் ஓமா ஆகிய ஊர்களின் பெயர்களே தரத்தின் பெயர்களாக ஹாங்காங் சந்தையில் வழங்குகின்றன. யோஷிஹாமா அபலோனியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவதால், கயிறு பதிந்த தடம் சதையில் நிலைத்துவிடும். அனுபவசாலிகள் அந்தத் தடத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள்.

அடுப்பில் இன்னொரு தவம்

வாங்கி வந்ததும் சமைத்துவிட முடியாது. இரண்டு மூன்று நாள் நீரில் ஊற வேண்டும். பிறகு முற்றிய கோழி, பன்றி விலா, உப்பிட்ட பன்றித்தொடை ஆகியவற்றோடு மண்சட்டியில் பல மணி நேரம் சிறு தீயில் வேக வேண்டும். இந்தச் சாறு அபலோனிக்குள் இறங்க, அபலோனியின் சாறு குழம்பில் இறங்க, இரண்டும் ஒன்றாகும். பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்கள் விருந்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தட்டில் அபலோனி மட்டும் தெரிந்தாலும் குழம்பில் மற்றவையும் கலந்திருக்கும்.

இந்தச் சமையலை உலகறியச் செய்தவர் ஹாங்காங்கின் யங் கூன் யாட். அவருடைய 'ஃபோரம்' உணவகத்தில் மண்சட்டியில் வேகும் 'ஆ யாட் அபலோனி' புகழ்பெற்றது. 1986இல் பெய்ஜிங்கில் தெங் சியாவ்பிங்கிற்கும் அவர் சமைத்துப் பரிமாறினார். 'அபலோனி மன்னர்' என்று அழைக்கப்பட்ட அவர் 2023இல் காலமானார்.

அபலோனி, கடல் அட்டை, சுறாத்துடுப்பு, மீனின் காற்றுப்பை ஆகிய நான்கும் சீன விருந்தின் நான்கு செல்வங்கள். இவற்றுள் அபலோனிக்குப் புத்தாண்டில் தனி இடம் கிடைத்ததற்கு அதன் பெயரும் காரணம். 'பாவ்' என்ற ஒலி உறுதியையும் 'யூ' என்ற ஒலி மிகுதியையும் நினைவூட்டும். வரும் ஆண்டில் குறைவின்றி மிஞ்சும் என்ற வாழ்த்து அந்தத் தட்டில் இருக்கிறது. பொங்கல் பானையில் பால் பொங்கி வழிவதைப் பார்த்து மகிழும் மனத்திற்கு இந்த வாழ்த்து அந்நியமானதல்ல.

செம்புக்குப் பதில் அபலோனி

உலர்ந்த அபலோனி வெறும் உணவாக மட்டும் இருந்ததில்லை. ஒரு நாட்டின் கருவூலத்தையே அது காத்த காலமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நாகசாகி துறைமுகத்தின் வழியே ஜப்பான் சீனாவோடு வாணிபம் செய்தது. சீனப் பொருள்களுக்கு ஈடாக ஜப்பானின் செம்பு ஏராளமாக வெளியேறியது. அதைத் தடுக்க, நூற்றாண்டின் இறுதியில் உலர்ந்த அபலோனி, உலர்ந்த கடல் அட்டை, சுறாத்துடுப்பு ஆகிய மூன்றையும் செம்புக்குப் பதிலாக அனுப்பத் தொடங்கினார்கள்.

1850களில் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன சீனர்களும் அங்குள்ள பாறைகளில் யாரும் சீண்டாமல் கிடந்த அபலோனியைக் கண்டார்கள். உலர்த்தித் தாயகத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் மற்றவர்களும் அத்தொழிலில் இறங்கினார்கள். அக்கடலின் இன்றைய நிலை என்ன? வெள்ளை அபலோனி 2001இல் அழியும் ஆபத்துள்ள உயிரினமாக அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. முதுகெலும்பற்ற கடல் உயிரினங்களில் அந்தப் பட்டியலில் முதலில் சேர்ந்தது அதுவே. கலிபோர்னியா 1997இல் வணிகப் பிடிப்பை நிறுத்தியது. பொழுதுபோக்காகப் பிடிப்பதும் 2018இல் நிறுத்தப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் இரவுகள்

இன்று இந்தக் கதையின் வேதனையான பகுதி நடப்பது தென்னாப்பிரிக்காவில். அங்கு 1949இல் தொடங்கிய வணிகப் பிடிப்பு 1965இல் ஏறத்தாழ 2,800 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. அதன் பிறகு அரசு அளவைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1990களின் நடுவில் அனுமதிக்கப்பட்ட அளவு 615 டன். 2006இல் அது 125 டன்னாகச் சுருங்கியது. 2008 பிப்ரவரியில் வணிகப் பிடிப்பு முழுமையாக மூடப்பட்டது. 2010இல் சிறு அளவில் மீண்டும் திறக்கப்பட்டது.

இப்படி ஆனதற்குக் காரணம் ஒன்றல்ல. 1990களில் சிங்கி இறால்கள் கூட்டமாகக் கிழக்குப் பக்கம் இடம்பெயர்ந்து, அங்கிருந்த கடல் முள்ளெலிகளைத் தின்று தீர்த்தன. அபலோனிக் குஞ்சுகள் ஒளிந்து வாழ்வது அந்த முள்ளெலிகளின் அடியில்தான். குடை போனதும் குஞ்சுகளும் போயின.

ஆயினும் பெரிய காரணம் மனிதர்களே. நிறவெறி ஆட்சியில் கரையோரக் கலப்பின மீனவ மக்களுக்குக் கடலில் உரிய பங்கு கிடைக்கவில்லை. 1994இல் ஆட்சி மாறியதும், கைநழுவிப்போன கடல் திரும்பக் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். கிடைத்த அனுமதிகள் சிலருக்கே போதுமானவையாக இருந்தன. ஹாஸ்டன் போன்ற சிற்றூர்களில் வேலை இல்லாத இளைஞர்கள் இரவில் கடலில் இறங்கினார்கள். சட்டம் அதைக் களவு என்றது. அவர்களில் பலர் தங்கள் பாட்டன் கடலில் எடுத்ததைத்தான் எடுப்பதாக எண்ணினார்கள்.

அந்த மனக்குறையைக் குண்டர் கும்பல்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. பல வேளைகளில் அபலோனிக்குப் பணம் கைமாறுவதில்லை. மெத்தம்பெட்டமின் போதைப்பொருளைத் தயாரிக்கத் தேவையான இரசாயனங்கள் பண்டமாற்றாக வந்து இறங்குகின்றன. கடலில் இருந்து அபலோனி போகிறது, அதே ஊருக்குள் போதைப்பொருள் வருகிறது. மகன் இரவில் உயிரைப் பணயம் வைத்துக் கடலில் மூழ்கி எடுத்தது, கடைசியில் அவன் தெருவுக்கே நஞ்சாகத் திரும்புகிறது.

வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு அதிர்ச்சி தருவது. 2000 முதல் 2016 வரை அந்நாட்டில் களவாடப்பட்ட அபலோனிகள் ஏறத்தாழ 96 மில்லியன். ஆண்டுக்குச் சராசரியாக 2,000 டன்னுக்கும் மேல். 1965இல் உச்சத்தில் சட்டப்படி பிடித்ததை இதோடு ஒப்பிட்டால் களவின் அளவு புரியும். ஓர் ஆண்டின் உச்சத்தை நெருங்கும் அளவு, ஆண்டு தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

காய்ந்ததும் மறையும் அடையாளம்

இத்தனை பெரிய களவு எப்படிச் சாத்தியமானது? விடை உலர்த்துவதில் இருக்கிறது. உயிருள்ள அபலோனிக்குக் கடல்நீர்த் தொட்டி வேண்டும். உறைந்ததற்குக் குளிர்பதனம் வேண்டும். உலர்ந்ததற்கு ஒன்றும் வேண்டாம். எடை பத்தில் ஒன்றாகிவிடும். பெட்டியில் அடுக்கி எந்தச் சரக்கோடும் அனுப்பலாம். ஊருக்குள் சாதாரண வீடுகளில் இரகசியமாக நடந்த உலர்த்தும் கூடங்களைத் தென்னாப்பிரிக்கக் காவல்துறை பல முறை கண்டுபிடித்திருக்கிறது.

சரக்கு நேரே துறைமுகத்துக்கும் போவதில்லை. அண்டை நாடுகளின் வழியே சுற்றிப் போகிறது. 2000 முதல் 2016 வரையிலான களவு அபலோனியில் 43 விழுக்காடு, அபலோனியே விளையாத ஆப்பிரிக்க நாடுகளின் வழியாக ஹாங்காங்கிற்குப் போயிருக்கலாம் என்பது அதே அறிக்கையின் மதிப்பீடு. ஸிம்பாப்வேக்குக் கடற்கரையே இல்லை. அந்த நாட்டில் இருந்தும் கடல் அபலோனி ஏற்றுமதியாகியுள்ளது. ஆவணம் அப்படிச் சொன்னால் சரக்கு நகர்ந்துவிடுகிறது.

அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் தென்னாப்பிரிக்கா தன் அபலோனியை 2007இல் சேர்த்தது. நடைமுறைச் சிக்கல்களால் 2010இல் விலக்கிக்கொண்டது. பட்டியலில் இல்லாததால், வாங்கும் நாட்டில் அதைத் தடுக்கச் சட்டத்தின் கை நீளவில்லை.

2022 டிசம்பரில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தது. உலகின் 54 அபலோனி இனங்களில் 20 அழியும் அபாயத்தில் இருப்பதாக அது அறிவித்தது. தென்னாப்பிரிக்க இனமும் அவற்றில் ஒன்று. களவோடு கடல் சூடாவதும் காரணம். 2011இல் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் வீசிய வெப்ப அலை, அங்குள்ள ஓர் அபலோனி இனத்தை அதன் வடக்கு எல்லையில் கிட்டத்தட்ட முழுமையாகத் துடைத்துவிட்டது.

காவல் காக்கும் ஊர்கள்

காப்பாற்ற வழியே இல்லையா? இவாத்தே கரையின் மீனவர்கள் ஒரு வழியைக் காட்டுகிறார்கள். அங்கு கடற்கரையின் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. ஆண்டின் இறுதியில், நவம்பர், டிசம்பர் மாதங்களில் சில நாள்கள் மட்டும், காலையில் சில மணி நேரம் கடல் திறக்கப்படும். யாரும் மூழ்கக் கூடாது. படகில் இருந்தபடி கண்ணாடி அடிப்பாகம் கொண்ட பெட்டியால் கடலடியைப் பார்த்து, நீண்ட கழியின் கொக்கியால் எடுக்க வேண்டும். ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறைந்ததைக் கடலில் விட்டுவிட வேண்டும். கடல் தங்களுடையது என்ற உறுதி இருப்பதால் அவர்களே காவல்காரர்களாக இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க மீனவனுக்குக் கிடைக்காமல் போனது அந்த உறுதிதான்.

ஜப்பானிலும் களவு இல்லாமல் இல்லை. அதனால் 2020 டிசம்பரில் தண்டனை கடுமையாக்கப்பட்டது. அபலோனி திருடினால் மூன்றாண்டு சிறை அல்லது 30 மில்லியன் யென் வரை அபராதம். 2022 டிசம்பர் முதல், முறையாகப் பிடித்ததை அடையாளம் காட்டும் எண் இல்லாமல் உள்நாட்டில் அபலோனியை விற்கவும் வாங்கவும் முடியாது.

இன்னொரு வழி பண்ணை வளர்ப்பு. சீனா இன்று ஆண்டுக்கு 2 இலட்சம் டன்னுக்கும் மேல் அபலோனி வளர்க்கிறது. பெரும்பகுதி ஃபூஜியன் மாநிலத்தில். கோடையில் தெற்குக் கடல் சூடாகும்போது அபலோனிகளைக் கப்பலேற்றி வடக்கே ஷாண்டோங்கிற்குக் கொண்டுபோய், குளிர் வந்ததும் திரும்பக் கொண்டுவருகிறார்கள். தென்கொரியாவின் வாண்டோ தீவுகளிலும் தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் நகரிலும் பெரிய பண்ணைகள் இயங்குகின்றன. பேரங்காடியில் சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் சிறிய அபலோனி கிடைப்பது பண்ணைகளால்தான்.

வாங்குபவர்களின் கவனத்துக்கு

சீன நண்பருக்குப் பரிசளிக்கவோ வீட்டு விருந்துக்கோ அபலோனி வாங்குபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எந்த நாடு, பண்ணையா கடலா என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி தயங்காமல் சொல்வார். பெரிய உலர்ந்த அபலோனி நம்ப முடியாத மலிவில் கிடைத்தால் அங்கே ஏதோ ஒன்று சரியில்லை. பொறுப்பான வளர்ப்புக்கான 'ஏஎஸ்சி' முத்திரை சில பண்ணைப் பொருள்களில் இருக்கும். டின் வாங்கும்போது பெயரைப் படியுங்கள். சிலி நாட்டின் 'லோக்கோ' என்ற வேறொரு கடல் நத்தையும் அபலோனிக்கு மாற்றாக விற்கப்படுகிறது. உண்பதில் தவறில்லை, ஆனால் அது அபலோனி அல்ல.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, அபலோனி புரதம் நிறைந்தது, கொழுப்புக் குறைந்தது. அதன் ஓட்டைக் கண் நோய்க்கு மருந்தாகச் சீன மருத்துவம் பயன்படுத்துகிறது. ஆனால் சதையைச் சர்வரோக நிவாரணியாகக் கருத வேண்டியதில்லை. சிப்பி வகை ஒவ்வாமை உள்ளவர்களும் 'கௌட்' எனப்படும் மூட்டுவலி உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டின்னில் உள்ளதிலும் குழம்பிலும் உப்பு அதிகம்.

உண்பவர்கள் நினைத்தால் சந்தை மாறும் என்பதற்குச் சான்று அருகிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் சுறாத்துடுப்பு சூப் இல்லாத சீனத் திருமணமே இல்லை. 2011இல் 'கோல்ட் ஸ்டோரேஜ்', 2012இல் 'ஃபேர்பிரைஸ்' எனச் சிங்கப்பூரின் பேரங்காடிகள் அதன் விற்பனையை நிறுத்தின. துடுப்பு இல்லாமலும் திருமணங்கள் நடக்கின்றன, மணமக்கள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள்.

அபலோனியை யாரும் கைவிட வேண்டியதில்லை. பண்ணையில் வளர்த்ததும், முறையாகப் பிடித்ததும் கிடைக்கின்றன. தட்டில் வைக்கப்படும் அந்தச் சிறு துண்டு, வரும் ஆண்டில் எல்லாம் மிஞ்ச வேண்டும் என்று வாழ்த்துகிறது. அந்த வாழ்த்து கடலுக்கும் பலிக்க வேண்டுமானால், அலமாரியைத் திறக்கச் சொல்வதற்கு முன் இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். எட்டு ஆண்டுகள் பாறையைப் பிடித்து வளர்ந்த ஓர் உயிருக்காக ஒரு நிமிடம் செலவிடலாம்.